சேர்வராயன் சாலைகள் – 14: கரியின் கணக்கு

ஏற்காட்டுப் பாக்சைட்டை மேட்டூர் மால்கோ ஆலைக்கு இறக்கிய லாரிகளைப் பற்றிச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்தக் காலம் போய்விட்டது. சேலத்து அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறும் மலைச்சாலையில் இன்று வார இறுதிகளில் வேறொரு கூட்டம் திரிகிறது. விலையுயர்ந்த பைக்குகள், தாழ்த்திக் கட்டிய கார்கள், எந்த வளைவை எந்த கியரில் எடுப்பது என்ற பேச்சு. இவ்வளவு வளைவுகள் உள்ள மலையில் ஒரு ரேஸ் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு ரேஸின் மிகச் சுவையான கிளையான ஒற்றை இருக்கை வண்டிக்கு, அதாவது சக்கரங்களுக்கு மேல் கூடு இல்லாத ஃபார்முலா காருக்கு, வீடு ஏன் இந்த மலையில் அமையாமல் சோழவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிப்பாளையத்திலும் அமைந்தது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். விடை நிலத்தில் தொடங்கிப் பணத்தில் போய் முடிகிறது. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை ஓட்டக்கூடிய ஒரு ரேஸ் வகுப்பை எது உயிரோடு வைத்திருக்கிறது, எது கொல்கிறது என்ற கேள்விக்கும் அங்கேதான் விடை இருக்கிறது.

முதலில் மலை. மூடாத சக்கரம் உள்ள இரண்டு வண்டிகள் நெருங்கி ஓடும்போது பின்னால் வருபவரின் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைத் தொட்டால், சுழலும் டயர் மற்ற டயரின் மேல் பற்றி ஏறும். வண்டி அப்படியே காற்றில் எழும். சமவெளி டிராக்கில் அதைத் தாங்கிக்கொள்ள ஓரத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். மலைச்சாலையில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர். ஆகவே மலையில் நடக்கக்கூடியது ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எதிர்த்து ஏறும் போட்டி மட்டுமே. இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் என்ற மேட்டில் 1905 முதல் அப்படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. தனியார் நிலத்தில் அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஏற்காட்டுச் சாலையோ மலைக்கிராமங்களின் உயிர்நாடி. பேருந்து, காபி மூட்டை, ஆம்புலன்ஸ், பள்ளி விடுதிக்குப் பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோர் என எல்லாம் அதில்தான். விளையாட்டுக்காக அதை அடிக்கடி மூட நியாயம் இல்லை.

ஆனாலும் மலிவான ஒற்றை இருக்கை வண்டியின் வரலாறு மலையேற்றப் போட்டியோடு ஒட்டிப் பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, பெட்ரோல் பங்கீட்டில் இருந்த 1946-ல், பிரிஸ்டல் நகரத்து ஆர்வலர் சிலர் 500 சிசி மோட்டார்சைக்கிள் எஞ்சினை வைத்து ரேஸ் கார் கட்டலாம் என்று விதி எழுதினார்கள். சர்பிட்டன் என்ற ஊரில் கராஜ் வைத்திருந்த சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் ஃபியட் டொபொலினோ என்ற சின்னக் காரின் முன்பாகங்கள் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து ஒரு சட்டம் செய்தார்கள். ஜாப் கம்பெனியின் மோட்டார்சைக்கிள் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துச் சங்கிலி போட்டு ஓடவிட்டார்கள். சங்கிலி பின்சக்கரத்துக்குப் போக வேண்டும், எஞ்சின் பின்னால் இருந்தால் வேலை சுலபம், அவ்வளவுதான் காரணம். 1948-ல் 18 வயது ஸ்டெர்லிங் மாஸ் இப்படி ஒரு கூப்பரை வாங்கி முதலில் ஓட்டியது மலையேற்றங்களில்தான். சிக்கனத்துக்காகப் பின்னால் போன அந்த எஞ்சின் 1959-லும் 1960-லும் ஜாக் பிராபம் ஓட்டிய கூப்பருக்கு உலகப் பட்டம் வாங்கித் தந்தது. அதற்குப் பிறகு முன்னால் எஞ்சின் வைத்த ஃபார்முலா ஒன் கார்களின் காலம் முடிந்தது.

இந்த வகுப்பு செத்த விதம் பிறந்த விதத்தைவிட முக்கியமானது. 1950-ல் சர்வதேச அமைப்பு 500 சிசி வண்டிகளை ஃபார்முலா த்ரீ என்று அங்கீகரித்தது. மதிப்பு வந்ததும் வேகம் கேட்டார்கள். ஜாப் எஞ்சினைவிட நார்ட்டன் நிறுவனத்தின் ரேஸ் எஞ்சின் விரைவாக இருந்தது. நார்ட்டன் எஞ்சினைத் தனியாக விற்க மறுத்தது. அதனால் பணமுள்ளவர்கள் முழு மோட்டார்சைக்கிளையும் வாங்கி, எஞ்சினைக் கழற்றிக்கொண்டு மீதியை விற்றார்கள். எஞ்சின் இல்லாமல் தெருவுக்கு வந்த அந்தச் சட்டங்களில் டிரையம்ஃப் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிய இளைஞர்களால் ட்ரைட்டன் என்ற தனி பைக் இனமே உண்டானது. இது சுவையான கிளைக்கதை. முக்கியக் கதையில் நடந்தது என்னவென்றால், ஒரு முழு பைக்கை வாங்கிப் பிரித்துப்போட முடியாதவன் பின்வரிசைக்குப் போனான். பின்வரிசையில் நின்றவன் அடுத்த ஆண்டு வரவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வகுப்பு படுத்துவிட்டது. இதைக் கொன்றது வறுமை அல்ல, முன்னேற்றம்.

அமெரிக்காவில் 1963-ல் அங்கீகாரம் பெற்ற ஃபார்முலா வீ இதே பாடத்தை எதிர்த்திசையிலிருந்து சொல்கிறது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் 1,200 சிசி எஞ்சின், அதன் கியர்பாக்ஸ், அதன் முன் சஸ்பென்ஷன், அதன் சக்கரம் என்று முக்கால் வண்டியையும் பழைய இரும்புக்கடையிலிருந்தே கொண்டுவரும்படி விதி. ஒற்றை இருக்கை வண்டியில் எஞ்சினைவிடக் கையைக் கடிப்பது கியர்பாக்ஸ். எஞ்சின் பின்னால் இருக்கும்போது கியரும் பின்னச்சும் ஒரே கூட்டில் இருக்க வேண்டும். சாதாரணக் காரில் அது கிடைக்காது. பீட்டிலுக்கு எஞ்சினே பின்னால் இருந்ததால் அந்தக் கூடு தெருவிலேயே கிடைத்தது. ரேஸ் கியர்பாக்ஸுக்குப் பேர்போன ஹியூலண்ட் நிறுவனமே தொடக்கத்தில் பீட்டிலின் கூட்டை வாங்கி உள்ளே தன் பற்சக்கரங்களைப் போட்டுத்தான் விற்றது. நிக்கி லௌடா, கேகே ரோஸ்பெர்க், எமர்சன் ஃபிட்டிபால்டி ஆகியோர் ஃபோக்ஸ்வாகன் எஞ்சின் வண்டிகளில் கை பழகியவர்கள். பீட்டில் உற்பத்தி மெக்சிகோவில் 2003-ல் நின்ற பிறகும் வீ நிற்கவில்லை. கோடிக்கணக்கில் தெருவில் ஓடிய வண்டிக்கு உதிரிப்பாகம் செய்ய யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருக்கிறார்.

இந்தப் பின்னணியில் சோழவரத்தைப் பார்க்க வேண்டும். சென்னைக்கு வடக்கே போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும் அப்படி மிஞ்சிய விமானத்தளங்களே; போருக்காகப் போட்ட கான்கிரீட்டைச் சமாதான காலத்தில் சும்மா கிடக்கும் சொத்தாக விளையாட்டு எடுத்துக்கொண்டது. மலிவான ரேஸின் முதல் செலவான நிலம் அங்கே தீர்ந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் உருவாகி அங்கே நடத்திய போட்டிகளுக்குச் சென்னை திரண்டு போனது. ஆனால் களத்தில் ஓடிய ஒற்றை இருக்கை வண்டிகள் வெளிநாட்டில் ஓடி ஓய்ந்து கப்பலேறி வந்தவை. 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா அங்கே என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் காரையே ஓட்டினார். பார்க்க அழகுதான். கம்பி வேலிக்கு வெளியே நின்ற மெக்கானிக்கின் மகனுக்கு அந்த வண்டியோடு எந்த உறவும் இருக்க முடியாது. அம்பாசடரையும் பத்மினியையும் பிரித்து மேய்ந்து சொந்த வண்டி கட்டியவர்கள் இருந்தார்கள். அவற்றின் எஞ்சின் முன்னால், இழுவை பின்னால், நடுவில் நீளத் தண்டு. ஒல்லியான ஒற்றை இருக்கை வண்டிக்கு அந்த உடலமைப்பு எளிதில் ஒத்துவராது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதைக் குடும்பக் காராகவே நாடு பார்த்தது. கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்து, ரேஸ் ஓட்டி, வண்டி கட்டவும் தெரிந்த எஸ். கரிவர்தன், சுருக்கமாகக் கரி, அதை வேறு கண்ணால் பார்த்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர், எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்னிப் பிணைந்த ஒரே மூட்டை. அதிலிருந்து இரு பக்கமும் சக்கரத்துக்குப் போகும் இரண்டு தண்டுகள். அந்த மூட்டையை முன்னாலிருந்து கழற்றி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் பின்சக்கரத்தை இழுக்கும் ரேஸ் வண்டி தயார். தனி கியர்பாக்ஸ் தேவையில்லை, இறக்குமதி தேவையில்லை, சுங்க வரி இல்லை. அமெரிக்காவில் பீட்டில் செய்ததை இங்கே மாருதி செய்தது. ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி எஞ்சின் என்ற நீளமான பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபிஸ்மீ என்றும், மக்கள் வாயில் ஃபார்முலா மாருதி என்றும் அது 1980-களின் இறுதியில் ஓடத் தொடங்கியது. குழாய்ச் சட்டம், மெல்லிய ஃபைபர் உடல், நாற்பதையொட்டிய குதிரைத்திறன். இரண்டு ஆண்டுகளில் 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் திறந்தபோது அதில் ஓட ஒரு வகுப்பு தயாராக இருந்தது. டிராக்கும் வண்டியும் ஒரே நேரத்தில் அமைந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆனால் வண்டி இல்லாத டிராக் எப்படிக் காயும் என்பதைக் கிரேட்டர் நொய்டாவில் 2011-ல் திறந்த புத் சர்க்யூட்டின் பிற்கால மௌனம் காட்டிவிட்டது.

கோவையின் நாராயண் கார்த்திகேயன் முதல் போட்டியை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். அந்த முதல் போட்டியிலேயே மேடை ஏறினார். 2005-ல் ஃபார்முலா ஒன் களத்தில் நின்ற முதல் இந்தியர் அவர். சென்னையின் கருண் சந்தோக் 2000-ல் அதே வகுப்பில் தேசியப் பட்டம் வென்று வெளியே போனார். இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் ஓட்டிய இருவருமே நாற்பது குதிரைத்திறன் வண்டியில் நடை பழகியவர்கள் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பெருமையை நான் வாதமாக எடுக்கவில்லை. இருவருமே வசதியும் ரேஸ் பாரம்பரியமும் உள்ள குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். நாராயணின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ரேலியை ஏழு முறை வென்றவர். ஒரு மலிவான வகுப்பை அது அனுப்பிவைத்த நட்சத்திரங்களை வைத்து அளப்பது, ஒரு நூலகத்தை அங்கே படித்து அமைச்சரானவரை வைத்து அளப்பதற்குச் சமம். உள்ளே வந்து, ஓட்டி, தோற்று, மறு ஆண்டும் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதே சரியான அளவு.

அந்த அளவுகோலில்தான் கரியின் கணக்கு புரியும். யானை வாங்கப் பணம் புரட்டிவிடலாம். தீனிதான் ஆளை விழுங்கும். புது வண்டியின் விலையைப் பலரால் எப்படியாவது கட்ட முடிகிறது. ஆளை வெளியேற்றுவது இரண்டாவது சீசன். எஞ்சின் ஒருமுறை சீறிச் செத்தபின் மாற்று எங்கே கிடைக்கும், என்ன விலை, யார் பூட்டுவார்கள்? மாருதி 800-க்கு இந்த மூன்று கேள்விக்கும் நாட்டின் எந்த ஊரிலும் விடை இருந்தது. சேலத்திலிருந்து நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வரை லாரியும் ரிக் வண்டியும் வாழவைக்கும் பட்டறை வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரைத் துளைத்துச் சீராக்க ஒரு லேத், தலையைச் சமன் செய்ய ஒரு ஆள், பழைய வண்டி உடைப்போர் கடையில் கியர்பாக்ஸ் கூடு. ரேஸ் வகுப்பு தன் சொந்தச் செலவில் உருவாக்கவே முடியாத இந்த வலைப்பின்னலை, தெருவில் ஓடும் கார் இலவசமாகத் தருகிறது. இந்தத் தொடரின் தொடக்கத்திலிருந்து நான் சொல்லிவருவது போல, சாலை என்றால் தார் மட்டும் இல்லை. அதன் ஓரத்துப் பட்டறையும் சேர்த்துத்தான்.

கரிவர்தன் 1995 ஆகஸ்டில் இலகு விமான விபத்தில் இறந்தார், வயது 41. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த டிராக்குக்கு அவர் பெயர். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர்தான் சுற்று, நேர்பாதை குறுகியது, பெரிய வண்டிகளுக்கு அது சின்னச் சந்து. சின்ன வண்டிகளுக்கு அதுவே பொருத்தம். சங்கிலி செய்யும் கோவை எல்.ஜி.பி. நிறுவனத்தின் பெயரில் வந்த அடுத்த தலைமுறை ஒற்றை இருக்கை வண்டிகளும் கரியின் கணக்கையே பின்பற்றின. ஜே.கே. டயர் தேசியப் போட்டிகளில் இன்றும் ஓடும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 மாருதியின் 1.3 லிட்டர் எஞ்சினில் ஓடுகிறது. இந்தப் பெயரிலுள்ள 4-ஐயும் சர்வதேச அமைப்பின் ஃபார்முலா 4-ஐயும் ஒன்றாக எண்ணக் கூடாது. இரண்டும் வேறு வேறு உலகம். எஸ்டீமிலும் வெர்சாவிலும் 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்டிலும் இருந்த ஜி13 குடும்பத்து எஞ்சின் இது. 2010-ல் மாசு விதி மாறியபோது ஸ்விஃப்ட் அதைக் கைவிட்டு 1.2 லிட்டருக்கு மாறியது. ஆனால் ஜிப்ஸி அதைச் சுமந்துகொண்டு அடுத்த பத்தாண்டின் இறுதிவரை ஓடியது. ராணுவமும் காவல்துறையும் வனத்துறையும் ஜிப்ஸி வைத்திருந்ததால் உதிரிப்பாகம் வற்றவில்லை. சேர்வராயன் காட்டுப் பாதையில் வனத்துறை ஜிப்ஸி உறுமினால் அது செட்டிப்பாளையத்தில் ஓடும் வண்டிக்கு உறவுக்காரன் என்று நினைத்துக்கொள்ளலாம்.

இங்கே முதல் மறுப்பு வருகிறது. முப்பதாண்டுப் பழமையான வடிவமைப்புள்ள எஞ்சினில் ஓட்டிப் பழகிய பிள்ளை நாளை ஐரோப்பாவில் எதை வெல்வான்? உலகம் எங்கும் ஒரே ஏணி வந்துவிட்டது, 2014 முதல் சர்வதேச ஃபார்முலா 4 இருக்கிறது, இந்தியாவிலும் வந்துவிட்டது, 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கி.மீ. தெருவில் மின்விளக்கொளியில் அது ஓடியதை ஊரே பார்த்தது. மைகேல் சேசிஸ், ஆல்பின் டர்போ எஞ்சின், சுமார் 180 குதிரைத்திறன். அதன் முன் நம் வண்டி பொம்மை என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. ஐரோப்பா போகத் தீர்மானித்த பிள்ளைக்கு அந்த ஏணிதான் சரி. ஆனால் அந்த ஏணியின் கதையையே பாருங்கள். செலவைக் கட்டுப்படுத்தத்தான் அது பிறந்தது. சேசிஸ் விலைக்கும் எஞ்சின் விலைக்கும் உச்சவரம்பு போட்டார்கள். வண்டியின் விலையை மட்டும் கட்டிவைத்துவிட்டு, பயிற்சி நாள், டயர், பொறியாளர், பயணம் ஆகியவற்றை விட்டுவிட்டதால் செலவு பக்கவாட்டில் வழிந்தது. அடுத்த தலைமுறைக் கார் வந்தபோது விலையும் ஏறியது. ஏணியின் முதல் படியே மாடியில் இருந்தால் தரையில் நிற்பவன் என்ன செய்வான்?

இதே தர்க்கத்துக்கு இங்கிலாந்தின் ஃபார்முலா ஃபோர்டு வகுப்பு கொடுத்த விலை இன்னும் பெரியது. பிராண்ட்ஸ் ஹாட்ச் டிராக்கில் 1967 ஜூலை 2 அன்று முதல் போட்டி. கார்ட்டினா காரின் கென்ட் எஞ்சின், தெரு டயர், ஆயிரம் பவுண்டுக்குள் முழு வண்டி என்பது இலக்கு. அயர்டன் சென்னா 1981-ல் பிரேசிலிலிருந்து வந்து ஓட்டியது இதில்தான். 1990-களில் எஞ்சின் பழசாகிவிட்டது என்று புதிய ஸீடெக் எஞ்சினுக்கு மாறினார்கள். பிறகு ட்யூராடெக், பிறகு டர்போ ஈகோபூஸ்ட், பிறகு இறக்கைகள். ஒவ்வொரு மாற்றத்திலும் நேற்று வாங்கிய வண்டி பழைய இரும்பானது; பங்கேற்போர் குறைந்தனர்; 2015-ல் அந்த மேல்தட்டு வகுப்பு ஃபார்முலா 4-க்குள் கரைந்து பெயரும் போனது. அதே நேரம், யாரும் முன்னேற்றாமல் விட்ட பழைய கென்ட் எஞ்சின் வண்டிகள் கிளப் மட்டத்தில் ஓடிக்கொண்டே இருந்தன. சில்வர்ஸ்டோனில் 2001-ல் தொடங்கிய வால்டர் ஹேஸ் கோப்பைக்கு ஆண்டின் கடைசியில் வண்டிகள் குவிகின்றன. ஐம்பது வயதுக்காரரும் பதினாறு வயதுப் பையனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அமெரிக்காவில் கென்ட் உதிரிகள் அருகியபோது ஹோண்டா ஃபிட் எஞ்சினைக் கூடுதலாக அனுமதித்தார்கள். பழையதையும் வைத்துக்கொள்ளலாம், புதியதையும் போடலாம், இரண்டும் ஒரே வேகம் போகும்படி மூச்சைக் கட்டிவிடுவோம் என்றார்கள். நமக்கு இதில்தான் முன்மாதிரி இருக்கிறது. மாற்றம் வேண்டும், ஆனால் பழைய வண்டி அடுத்த போட்டியிலும் வெல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. மலிவு என்றால் பாதுகாப்பில் கைவைப்பது என்று பொருள். குழாய்ச் சட்டத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டுச் சிக்கனம் பேசலாமா? இதற்குச் சமாளிப்புப் பதில் கூடாது. ரேஸில் சாவு நேர்ந்திருக்கிறது, நம் டிராக்குகளிலும் நேர்ந்திருக்கிறது. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆகையால் குறைந்த திறனே முதல் பாதுகாப்பு என்ற வாதம் பாதி சரி. மறு பாதி, எஞ்சினை உறையவைக்கும் விதி பெல்ட்டையும் தலைக்கு மேலுள்ள வளைவுக் கம்பியையும் எரிபொருள் தொட்டியையும் கழுத்துப் பட்டையையும் உறையவைக்கக் கூடாது. இவற்றை ஆண்டுதோறும் உயர்த்துவதால் வரும் செலவை எஞ்சினில் மிச்சம் பிடித்த பணத்தால்தான் கட்ட வேண்டும். வேகத்துக்குச் செலவழிக்க வேண்டாம் என்று சொல்வதன் பயனே பாதுகாப்புக்குச் செலவழிக்கக் கை மிஞ்சுவது. டிராக் ஓரத் தடுப்பு, கொடி பிடிக்கும் மார்ஷல், மருத்துவ வண்டி ஆகியவை ஓட்டுநரின் கணக்கில் வராமல் கிளப்பின் கணக்கில் வருவதும் அவசியம். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் அதில் மிச்சம் பிடிப்பார்.

கார்ட்டிங் இருக்கிறதே, கணினி சிமுலேட்டர் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. இரண்டும் நல்லவை. கார்ட்டில் சஸ்பென்ஷன் இல்லை. சிமுலேட்டரில் எஞ்சின் வெடித்தால் மறுபடி ஒரு பொத்தான். வண்டியைக் கேட்கவும், மெக்கானிக்கிடம் வளைவில் என்ன நடந்தது என்று சொல்லவும், உடையாமல் கொண்டுவந்து சேர்க்கவும் உண்மையான வண்டி வேண்டும்.

பணக்காரன் விளையாட்டுக்கு இவ்வளவு வாதமா என்பது அடுத்தது. சென்னைத் தெரு ரேஸுக்கு அரசு செலவிட்டபோது உயர் நீதிமன்றம் வரை இந்தக் கேள்வி போனது. விலையுயர்ந்த ரேஸைப் பற்றிய அந்தக் கேள்வி நியாயமானது. மலிவான வகுப்பு வேண்டும் என்பதற்கு அதுவே சான்றும் ஆகிறது. இன்னொரு வாதத்தையும் அடிக்கடி கேட்கிறோம்: டிராக்கில் ஓட இடம் கொடுத்தால் ஏற்காட்டு மலைச்சாலையில் பந்தயம் விடுவது குறையும் என்று. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் சேலத்திலிருந்து செட்டிப்பாளையம் 160 கி.மீ.-க்கு மேல், இருங்காட்டுக்கோட்டை அதைப்போல இரு மடங்கு. பைக்கில் மலையேறும் பையன் அங்கே போய் உரிமம் எடுத்து வரிசையில் நிற்பான் என்று நம்ப எனக்கு ஆதாரம் போதவில்லை. மலைச்சாலையைக் காப்பது காவல்துறையின் வேலை. அதை ரேஸ் வகுப்பின் தலையில் கட்ட வேண்டாம்.

கவர்ச்சிக்கு வருவோம். மெதுவான வண்டி பார்வையாளனை ஈர்க்காது என்பது சொல்லிச் சொல்லி உண்மைபோல் ஆகிவிட்ட ஒன்று. இறக்கை இல்லாத, ஒரே எஞ்சின் போட்ட வண்டிகள் ஒன்றின் காற்று நிழலில் ஒன்று ஒதுங்கி ஓடும். கடைசிச் சுற்றில் எட்டு வண்டிகள் ஒரே கொத்தாக வளைவுக்குள் நுழையும். முந்துவதற்குத் திறன் குறைவாக இருப்பதால், முந்துபவன் இரண்டு வளைவுக்கு முன்பே அதைத் திட்டமிட வேண்டும். வேலிக்கு வெளியே நிற்பவனுக்குக் கூட அது கண்ணில் படும். வேகமான வண்டியில் காற்றழுத்தம் கெட்டுப்போவதால் பின்னால் வருபவன் நெருங்கவே முடியாமல் வரிசையாக ஊர்வலம் போவதைத் தொலைக்காட்சியில் எத்தனை ஞாயிறு பார்த்தோம்! ஆகவே வேகத்தைக் கூட்டிக் கூட்டத்தைக் கூட்டலாம் என்ற திட்டம் இரு முனையிலும் தோற்கும்.

நான் முழுதாக மறுக்க முடியாத ஒரு குறை உண்டு. எல்லா வண்டியும் ஒரே இடத்தில் கட்டப்பட்டு, எஞ்சின் முத்திரையிடப்பட்டு, ஓட்டுநர் வெறும் கையோடு வந்து வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டுப் போகும் முறையில், கூப்பர் அப்பனும் மகனும் கராஜில் செய்த காரியத்துக்கு இடமில்லை. ஒற்றை நிறுவனம் கைவிட்டால் வகுப்பே கவிழும். கரிவர்தன் இறந்தபோது அப்படிக் கவிழாதது கோவைக்காரர்கள் எடுத்து நடத்தியதால். எப்போதும் அப்படி நடக்கும் என்று எழுதிவைக்க முடியாது. ஜனவரியில் ஃபார்முலா பாரத் போட்டிக்காக நாடெங்கிலுமிருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கை வண்டிகளோடு அதே கரி டிராக்குக்கு வருகிறார்கள். அந்த வண்டிகள் தனித்தனியாக நேரம் பார்த்து ஓடுபவை. பக்கத்தில் பக்கத்தில் மோதி ஓடக் கட்டப்பட்டவை அல்ல. ஆனால் அவற்றைக் கட்டிய கைகள் இருக்கின்றன. சேசிஸ் வரைபடத்தையும் பாதுகாப்பு அளவுகளையும் வெளிப்படையாக அச்சிட்டு, அந்த அளவுக்குள் எந்தப் பட்டறையும் வண்டி கட்டலாம், எஞ்சினை மட்டும் கிளப் முத்திரையிடும் என்று விதித்தால், ஒரு நிறுவனத்தின் தோளில் நிற்கும் வகுப்பு பல தோள்களில் நிற்கும்.

இனி எஞ்சின். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் முடிந்தது. ஜிப்ஸியும் ஓய்ந்தது. ஜி13 இன்னும் சில ஆண்டு உடைப்போர் கடையில் கிடைக்கும். கரி தேர்ந்தெடுத்தபோது மாருதி 800-க்கு வயது ஐந்து; அதன் முன் இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. அந்தத் தேர்வில் இருந்த மதிநுட்பம் இப்போதுதான் தெரிகிறது. இளமையில் இருக்கும் எஞ்சினை எடுத்தால் விலை அதிகம், குறை தெரியாது. முதுமையில் எடுத்தால் ஐந்தாண்டில் மறுபடி தேட வேண்டும். 2010-ல் ஸ்விஃப்டில் நுழைந்து பலேனோ, வேகன்ஆர், டிசையர் என்று பரவிய 1.2 லிட்டர் கே வரிசை எஞ்சின் இன்று உடைப்போர் கடைக்கு வரத் தொடங்கும் பருவத்தில் இருக்கிறது. 2024 ஸ்விஃப்ட் அதைக் கைவிட்டிருந்தாலும் சாலையில் லட்சக்கணக்கில் ஓடுகிறது. அதற்கும் கியர்பாக்ஸ் ஒட்டிய அதே மூட்டை வடிவம். ஜி13 வண்டிகளையும் கே வண்டிகளையும் சில ஆண்டு ஒன்றாக ஓடவிட்டு, காற்றுப்புகும் வழியைக் குறுக்கிச் சமன் செய்வது தொழில்நுட்பத்தில் பெரிய வித்தை இல்லை. தேசியக் கூட்டமைப்பு ஒரு விதிப்புத்தகத்தில் எழுத வேண்டிய சில பக்கங்கள்.

அதற்கு அடுத்தது இன்னும் திறந்த கேள்வி. சேர்வராயன் மலைக்கு வடக்கே தர்மபுரியைத் தாண்டினால் கிருஷ்ணகிரி மாவட்டம். ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்ஸ்கூட்டர் செய்கின்றன. தெருவில் நாளை மிகுந்து கிடக்கப்போவது சிலிண்டர் அல்ல, அந்த மோட்டார்தான் என்றால், கரியின் கணக்குப்படி மலிவான ரேஸ் வண்டியும் அங்கிருந்துதான் புறப்பட வேண்டும். 1946-ல் பிரிஸ்டல்காரர்கள் மோட்டார்சைக்கிளிடம் போனது போல. இடையில் நிற்பது பாட்டரி. அதன் விலை, அதன் எடை, தீப்பிடித்தால் அணைக்கத் தெரிந்த ஆள், சார்ஜ் ஏற்ற டிராக்கில் மின் இணைப்பு ஆகிய நான்கும் தீராமல் அந்தக் கணக்கைப் போட முடியாது. பழைய பாட்டரியைப் பிரித்துச் சரிபார்த்து மறுபடி கட்டித் தரும் பட்டறை, லாரி எஞ்சினைக் கட்டித் தரும் அளவுக்குச் சேலத்தில் சாதாரணமாகும் நாளில் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்த அத்தியாயம்: குப்பனூர் வழியாக மலையேறும் இரண்டாவது சாலை.